விரதத்துக்குக் கோதுமை

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு அருகே புதிதாக ஒரு பெரிய மளிகைக் கடை திறந்திருக்கிறார்கள். ஏசி, தள்ளுவண்டி, வாசலில் வணக்கம் சொல்ல ஒரு பெண். போன வாரம் அங்கே பொன்னி அரிசிப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே பச்சை நிறத்தில் ஒரு முத்திரை: 'குளூட்டன் அற்றது'. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அரிசியில் குளூட்டன் என்றைக்கு இருந்தது? கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற பசைப் புரதம் அது. நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அரிசியில் அது இல்லை என்று அச்சடித்து விற்கிறார்கள். அதையும் இரண்டு பேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து வண்டியில் வைத்தார்கள். நாளைக்குத் தண்ணீர்ப் பாட்டிலில் 'முள் அற்றது' என்று போட்டாலும் வாங்குவார்கள்.

எதிர்வீட்டுப் பெண் கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சப்பாத்தியை நிறுத்திவிட்டாள். "எனக்குக் குளூட்டன் ஒத்துக்கலைங்க ஆன்ட்டி" என்றாள். டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு, நமக்கே தெரியும்ல?" என்றாள். முதலில் கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் டெஸ்ட்டுக்குப் போனால் வியாதி இருந்தாலும் தெரியாமல் போய்விடும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. 'நமக்கே தெரியும்' என்பதோடு நான் முப்பத்துநாலு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியிருந்தார்கள்.

என் பெயர் எஸ்தர். கும்பகோணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத் துண்டைப் பதப்படுத்தி, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி கண்ணாடி ஸ்லைடில் வைத்துக் கொடுப்பது என் வேலை. இப்போது அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். சீலியாக் வியாதியா என்று பார்க்கச் சொல்லி மாதம் ஐந்தாறு குடல் துண்டு வருகிறதாம். "அந்தக் காலத்துல இதை எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கண்டுபிடிக்காமல் இருப்பதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்களாக இருந்தோம் என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் படிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடம், அப்புறம் இரண்டு வருட லேப் கோர்ஸ். பரீட்சைக்கு முந்தின நாள் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதை அங்கே நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். வேலையைக் கற்றது டாக்டர் சேதுராமனிடம். அவர் எங்கள் நோய்க்குறியியல் டாக்டர். நெற்றியில் நாமம், காலில் ரப்பர் செருப்பு. துப்புரவுப் பணியாளரிலிருந்து கண்காணிப்பாளர் வரை எல்லாருக்கும் வாங்க, போங்கதான். திட்டும்போதும் அந்த மரியாதை குறையாது, அதனாலேயே கூடுதலாக வலிக்கும். ஸ்லைடை உடனே மைக்ராஸ்கோப்பில் வைக்க மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெறுங்கண்ணால் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் தட்டில் குப்புறக் கவிழ்த்துவிடுவார். "எஸ்தர், இது குடலுங்களா, குருமாவுங்களா?" என்பார். அன்றைக்கு அந்தத் துண்டுக்கு ரிப்போர்ட் கிடையாது. மேலே இருக்கிற டாக்டர்கள் ஆள் மேல் ஆள் அனுப்பினாலும் அசைய மாட்டார்.

குடல் துண்டு விஷயத்தில்தான் அவர் அதிகம் படுத்துவார். சிறுகுடலின் உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக முளைகள் நிற்கும். சாப்பாட்டிலிருக்கும் சத்தை உறிஞ்சுவது அவைதான். சீலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமை உள்ளே போனால், உடம்பே தன் குடலைத் தாக்கி அந்த முளைகளைத் தரைமட்டமாக்கிவிடும். அப்புறம் என்ன தின்றாலும் ஒட்டாது. இரும்பு மாத்திரை கிலோக் கணக்கில் விழுங்கினாலும் இரத்தம் ஊறாது. இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை அடியோடு விட்டால் முளைகள் மெல்ல மெல்லத் திரும்ப வளரும், அவ்வளவுதான்.

அந்த முளைகள் இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல வேண்டுமானால் துண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். வாய்வழியே குழாய் விட்டு எடுத்து வருகிற துண்டு அரிசி நொய்யில் பாதி இருக்கும். பார்மலினில் போட்டால் சுருண்டுகொள்ளும். அதனால் எடுத்த உடனே சின்னக் காகிதத் துண்டில், உள்பக்கம் மேலே தெரியும்படி ஒட்டி அனுப்பச் சொல்லுவோம். சொல்லுவோம், யார் கேட்டார்கள்? சுருண்டுதான் வரும். அதைச் சாராயத்தில் நீர் போக்கி, கடைசியில் உருகிய மெழுகில் பதிக்க வேண்டும். அச்சில் கொஞ்சம் மெழுகை ஊற்றி, இடுக்கியைச் சூடுபண்ணி, துண்டைப் பிடித்து அதன் ஓரத்தில் நிறுத்தி, அடி மெழுகு உறைகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே வைத்திருக்க வேண்டும். கை நடுங்கினால் சாய்ந்துவிடும். சாய்ந்த துண்டைச் சீவினால் முளைகள் மேலிருந்து வெட்டுப்பட்டு வட்டம் வட்டமாகத் தெரியும். உயரமும் தெரியாது, மட்டமும் தெரியாது. "நாத்தங்காலை வரப்புல குனிஞ்சு பக்கத்துலேர்ந்து பார்த்தாத்தான் நாத்து எவ்வளவு உயரம்னு தெரியும். மேலேர்ந்து பார்த்தா வெறும் பச்சைங்க" என்பார் சேதுராமன்.

செண்பகம் வந்தது அவரிடம் நான் சேர்ந்து பத்து வருடம் கழித்து. குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஐந்து வருடம், இரண்டு கரு கலைந்திருந்தது. உதடெல்லாம் வெள்ளை. ஹீமோகுளோபின் ஆறு. எங்கள் பொதுமருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார், பூச்சி மாத்திரை எழுதினார், இரத்தம் ஏற்றினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் ஆறு. உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது: மாத்திரையை முழுங்குவதில்லை. மாமியார் தனத்துக்கும் அதே சந்தேகம். "கொல்லையில கொட்டுறா போலிருக்குங்க. நான் பார்த்ததில்லை, ஆனா வேற என்ன?" என்றார். காலையில் ஆள் குறைவான நாட்களில் இரத்தம் எடுக்க என்னையும் கூப்பிடுவார்கள். ஊசியைக் குத்திக்கொண்டே நானும் சொன்னேன்: "மாத்திரைய ஒழுங்கா முழுங்கும்மா, காரணம் சொல்லாத." அவள் என்ன காரணம் சொன்னாள்? ஒன்றுமே சொல்லவில்லை. "முழுங்குறேங்க சிஸ்டர்" என்றாள்.

வார்டில் சேர்த்தபோது என்ன கொடுத்தோம் தெரியுமா? பாலில் நனைத்த பிரெட். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கையிலும் பிரெட், ரஸ்க், பன். நோயாளி என்றால் நம் ஊரில் பிரெட். சோறு தின்றால் செரிக்காதாம்.

வயிற்றுப்போக்கும் இருக்கிறது என்று அவளே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னதால், அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் இல்லை. சும்மா இருக்கட்டும் என்று சிறுகுடலில் ஒரு துண்டு எடுத்து அனுப்பினார். அந்த ஒரு டாக்டருக்குத்தான் புத்தி இருந்தது.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் துண்டு என் கைக்கு வந்தது. சேதுராமன் விடுப்பில் இருந்தார். எனக்கு நாகப்பட்டினம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டில் கேக்குக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு அம்மா காத்திருந்தாள். இருபது துண்டுகளை வரிசையாக மெழுகில் போட்டேன். நிறுத்தவில்லை, போட்டேன். செண்பகத்தின் துண்டு சாய்ந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்ததை எடுத்தேன். சேதுராமனுக்குப் பதிலாக வாரம் இரண்டு மணி நேரம் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிற டாக்டர் ஒருவர், அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு 'குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை' என்று எழுதினார். ஸ்லைடைக் கவிழ்த்து வைக்க அவருக்கு நேரமில்லை. துண்டை நிமிர்த்த எனக்கு நேரமில்லை. பொருத்தமான ஜோடி.

ஆவணியில் செண்பகம் திரும்ப வந்தாள். ஆடியில் மூன்றாவது கரு கலைந்திருந்தது, நாலாவது மாதம். ஹீமோகுளோபின் ஐந்து. அன்றும் நான்தான் இரத்தம் எடுத்தேன். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமையும் எரிச்சலுமாகச் சொன்னார்: "இவளுக்காக நாங்க பண்ணாத விரதம் இல்லைங்க. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை. இப்ப சோமவாரமும் சேர்த்திருக்கோம். அன்னைக்கெல்லாம் ஒரு பருக்கை அரிசி தொட மாட்டா. ரெண்டு சப்பாத்தி, இல்லைன்னா கோதுமை ரவை உப்புமா. நானே நெய் விட்டுக் கிண்டித் தருவேன். விரதத்துக்கு மறுநா வயித்தால போவும். உடம்பு சுத்தமாவுதுன்னு விட்டுடுவோம்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகனுக்குத் தாராசுரத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறார்களாம். இந்தத் தடவையும் டாக்டர்கள் கையை விரித்தால், ஆவணி முடிவதற்குள் இவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகப் பேச்சு. செண்பகத்தின் காதில் விழும்படியாகவே தாழ்த்திக்கொண்டார். அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் லுத்தரன் சபைக் குடும்பம். எங்களுக்கு உபவாசம் என்றால் சாப்பிடாமல் இருப்பது. பதினோரு மணித் தேநீரின்போது சேதுராமனிடம் கிண்டலாகச் சொன்னேன்: "விரதம் விரதம்னு சொல்லிட்டு வாரத்துல நாலு நாள் சப்பாத்தியும் உப்புமாவும் சாப்பிடுறாங்க சார். இதுல பேதி வேற. சாமிக்கு என்ன, கணக்கு தெரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். அவரும் ஏகாதசிக்கு அரிசி தொடாதவர். இரவில் அவருக்கும் கோதுமைதான்.

"அந்தப் பொண்ணோட துண்டு நம்மகிட்ட வந்துதுங்களா?"

"டிசம்பர்ல வந்துது சார். நார்மல்னு போச்சு."

"அந்த மெழுகு பிளாக்கை எடுங்க."

பழைய ஸ்லைடை ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு நிமிடம் பார்த்தார். "யார் பதிச்சது?" என்றார். நான்தான் சார் என்றேன். "படுக்க வச்சுட்டீங்க" என்றார். அவ்வளவுதான். குருமா, கூட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெழுகுக் கட்டியை உருக்கித் துண்டை வெளியே எடுத்தேன். அவசரத்தில் டிசம்பரில் குறைவாகத்தான் சீவியிருந்தேன், அதனால் துண்டில் இன்னும் சதை மிச்சமிருந்தது. இடுக்கியைச் சூடுபண்ணி ஓரத்தில் நிறுத்தினேன். மெழுகு உறைந்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை. சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பார்த்தேன். ஒரு முளைகூட இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னாலேயே இல்லை.

பொதுமருத்துவருக்குச் சேதி போனது. போனிலேயே சிரித்தார். "இது பஞ்சாப் வியாதி சார், சோறு திங்கிற ஊர்ல எங்கேர்ந்து வரும்?" சோறு தின்கிற ஊரில் அவர் கொடுக்கிற ஆலோசனை பாதி 'சோற்றைக் குறைத்துக் கோதுமை சேருங்கள்' என்பதுதான், அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. சென்னைக்கு இரத்தம் அனுப்பினோம். சீலியாக்குக்கான ஆன்டிபாடி மிக அதிகம் என்று பதில் வந்தது. அதன் பிறகு, தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். சேதுராமன் அவரைக் கீழே வரவழைத்து ஸ்லைடைப் பார்க்க வைத்தார். தவறு எங்கே நடந்தது என்று அவருக்குப் புரிந்ததும் முதல் வேலையாக என்னைத் தனியே கூப்பிட்டார். "இதை அவங்ககிட்ட சொல்லிட்டு இருக்காதீங்க. ஊரைக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க" என்றார். அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதற்குத்தான் அவசரப்படுகிறார்கள். கோதுமையை விட்டாள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது. ஆனால் வயிற்றுப்போக்கு மட்டும் அவ்வப்போது வந்தது. மறுபடி எல்லாரும் அவளையே சந்தேகப்பட்டார்கள், திருட்டுத்தனமாக பிஸ்கட் தின்கிறாளாம். இந்த முறை நான் நம்பவில்லை. வீட்டிலிருக்கிற டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தேன். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். ரசத்திலும் சாம்பாரிலும் தினம் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தினோம், நின்றது. இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கூட்டி வந்தார்கள். தாராசுரத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. போதுமா?

நான் சொல்ல வந்தது அந்தக் குடும்பத்திடம் விஷயத்தைச் சொன்ன நாளை.

லேபுக்கு வெளியே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். சேதுராமன் நின்றுகொண்டே பொறுமையாகச் சொன்னார்: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எதுவும் ஆயுசுக்கும் கூடாது. அரிசி தாராளமாகச் சாப்பிடலாம். விரதத்தன்றும் அரிசிதான் சாப்பிட வேண்டும்.

தனம் முகம் மாறிவிட்டது. "சோறு தின்னா புள்ள பொறக்குமா? அப்ப எங்க ஊர்ல மலடின்னு ஒருத்தி இருக்கக் கூடாதே" என்றார். சேதுராமன் மறுபடி விளக்கினார். "புரியுதுங்க சாமி. விரதத்த விடச் சொல்றாங்க. வேதக்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போனா கடைசியில இங்கதான் வந்து நிக்கும்னு அப்பவே சொன்னாங்க."

"நான் நாமம் போட்டவம்மா. நானும் விரதம் இருக்கறவன்தான்."

"சம்பளம் அவங்கதான குடுக்குறாங்க, சாமி?"

தனம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா. நாளைக்கு உங்க அப்பாவுக்குச் சொல்லி அனுப்புறேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும்." செண்பகமும் எழுந்தாள். விட்டால் அந்த வாசலோடு எல்லாம் முடிந்தது. பிறந்த வீட்டிலும் அவளுக்கு பிரெட்டும் ரஸ்க்கும்தான் கொடுத்திருப்பார்கள்.

"உட்காருங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "டிசம்பர்லயே இந்த வியாதி இவங்க குடல்ல இருந்துது. அந்தத் துண்டை நான் நிமிர்த்தி வைக்கணும், படுக்க வச்சுட்டேன். அதனால டாக்டருக்குத் தெரியல. ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டோம். தப்பு இவங்களோடது இல்லைங்க. என்னோடது."

சேதுராமன் என்னைத் தடுக்கவில்லை. தனம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க தப்ப நீங்களே எதுக்கு சொல்றீங்க?"

"சொல்லலைன்னா இவங்களக் கூட்டிட்டுப் போயி மறுபடியும் உப்புமா கிண்டிப் போடுவீங்க."

தனம் மெதுவாக உட்கார்ந்தார். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். மார்கழி, தை, மாசி என்று ஆடி வரை வந்து நிறுத்தினார். "அப்ப அந்த நாலு மாசப் புள்ள" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, இருந்திருக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரில் அத்தனை பேரையும் முட்டாள் என்று சொல்லித் திரிந்தவள் நான்.

"நானும்தான் நெய் விட்டுக் கிண்டிக் கிண்டிப் போட்டேன்" என்றார் தனம், யாரிடம் என்றில்லாமல்.

எழுந்த செண்பகம் இன்னும் உட்காரவில்லை. "எனக்குப் பசிக்குதுங்க அத்தை. சோறு வேணும்" என்றாள்.

"இன்னைக்கு சஷ்டிடி" என்றார் மாமியார் பழக்கத்தில். பிறகு எழுந்து, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கான்டீன் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்.

மோர்ச்சோற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து பெஞ்சில் பிரித்தார். ஒரு கவளம் உருட்டி மருமகளின் வாய்க்கு நேரே நீட்டினார். செண்பகம் வாயைத் திறக்கவில்லை. இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தன் கையாலேயே பிசைந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். மாமியாரையும் என்னையும் அவள் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.